தாழ்த்திய சி10: வளைவில் இழந்த பிடியை மீட்பது எப்படி?

1967 முதல் 1972 வரையிலான மாடல்களாக அமெரிக்காவில் விற்பனையான செவர்லே சி10 பிக்கப், அந்நாட்டு ஆர்வலர்கள் விரும்பித் தாழ்த்தும் பழைய டிரக்குகளில் முதல் வரிசையில் நிற்கிறது. முன்பக்கத்தை 4 அங்குலமும் பின்பக்கத்தை 6 அங்குலமும் இறக்குவது அங்கே பரவலான அளவு. சுமை ஏற்றினால் சமமாக வரட்டும் என்று தொழிற்சாலையே பின்பக்கத்தைத் தூக்கி வைத்திருந்தது. அதனால்தான் பின்னால் கூடுதலாக இறக்க வேண்டியிருக்கிறது.

இறக்கிய வண்டி நின்றால் அழகு. ஆனால் அதே வண்டி வளைவில் தொழிற்சாலை உயரத்தில் இருந்ததைவிட மோசமாக நடந்துகொள்ளலாம். மேடு பள்ளத்தில் பின்பக்கம் துள்ளும், ஸ்டீயரிங் தானாக இழுக்கும், இடப்பக்கம் திரும்பும்போது ஒரு குணமும் வலப்பக்கம் திரும்பும்போது வேறு குணமும் காட்டும். உயரத்தைக் குறைத்தாலே பிடி கூடிவிடும் என்பது பாதி உண்மைதான். ஈர்ப்பு மையம் இறங்குவது நன்மை. அதோடு சேர்ந்து சஸ்பென்ஷனின் அசைவும், இணைப்புகளின் கோணங்களும் கெடுகின்றன. கெட்டவற்றைத் திருப்பிக் கொடுப்பதுதான் இந்த அத்தியாயத்தில் நாம் செய்யப்போகும் வேலை.

வண்டியின் அமைப்பு

சி10-இன் முன் சஸ்பென்ஷன் இரு பக்கமும் தனித்தனியாக இயங்கும். மேலும் கீழும் ஒவ்வொரு கண்ட்ரோல் ஆர்ம், நடுவில் காயில் ஸ்பிரிங். 1960-இல் செவர்லே தன் சிறு டிரக்குகளுக்கு முன்பக்கத் தனி சஸ்பென்ஷனைக் கொண்டுவந்தபோது டார்ஷன் பார் வைத்தது. 1963-இல் காயிலுக்கு மாறியது.

பின்பக்கம் இன்னும் சுவாரசியமானது. ஒரே துண்டான ஆக்ஸிலை இரண்டு நீளமான இழுகைகள் தாங்குகின்றன. இவை ஆக்ஸிலில் யு-போல்ட் போட்டு இறுக்கப்பட்டு, வண்டியின் நடுப்பகுதியை நோக்கி ஒன்றையொன்று நெருங்கிச் சென்று ஒரு குறுக்குச் சட்டத்தில் முடிகின்றன. அவற்றின் மேல் காயில் ஸ்பிரிங். ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது பான்ஹார்டு ராடு. இதே அமைப்பைத்தான் நாஸ்கார் பந்தயத்தின் உச்சப் பிரிவு 'டிரக் ஆர்ம்' என்ற பெயரில் 2021 வரை பயன்படுத்தியது. 2022-இல் வந்த புதிய பந்தய வண்டியில்தான் பின்பக்கமும் தனி சஸ்பென்ஷனுக்கு மாறினார்கள். ஆகவே இது சுமை வண்டிக்கு மட்டுமே பொருந்தும் பழைய ஏற்பாடு என்று எண்ணிக் கழற்றி எறிய வேண்டியதில்லை. சரியாக அமைத்தால் வேகத்துக்கும் ஈடுகொடுக்கும்.

உங்கள் வண்டியை வாங்குமுன் அடியில் படுத்துப் பாருங்கள். அதே காலத்து ஜி.எம்.சி. வண்டிகள் பலவற்றில் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் இருக்கும். செவர்லேயிலும் விருப்பத் தேர்வாக லீஃப் வந்தது. 1973 மாடலிலிருந்து சி10 முழுக்க லீஃபுக்குப் போய்விட்டது. இந்த அத்தியாயம் காயில் வண்டிக்கானது.

தாழ்த்தும்போது கெடுபவை

முதலாவது, அசைவு. சக்கரம் மேலே ஏற இருந்த இடத்தை நீங்கள் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். ஆக்ஸில் சேஸிஸில் இடிக்கும் வரை ஓரிரு அங்குலமே மிச்சம் என்றால், வளைவின் நடுவே ஒரு மேடு வந்ததும் அசைவின் கடைசியில் இடியைத் தாங்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப் மோதும். அந்தக் கணத்தில் ஸ்பிரிங் இல்லாத வண்டியாகிவிடுகிறது. டயர் பிடியை விடுகிறது. தாழ்த்திய டிரக் 'வெடுக்கென்று நழுவுகிறது' என்ற புகார்களில் பெரும்பகுதிக்கு இதுவே காரணம்.

இரண்டாவது, முன்பக்க ரோல் சென்டர். வளைவில் வண்டியின் உடல் எந்தப் புள்ளியை மையமாக வைத்துச் சாய்கிறதோ அதுவே ரோல் சென்டர். வெறும் குட்டை ஸ்பிரிங் போட்டு இறக்கினால் கண்ட்ரோல் ஆர்ம்கள் வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அப்போது ஈர்ப்பு மையம் இறங்குவதைவிட வேகமாக ரோல் சென்டர் இறங்கும். இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடும். அந்தத் தூரமே உடலைச் சாய்க்கும் நெம்புகோல். அதாவது, தாழ்த்திய வண்டி முன்பைவிட அதிகமாகச் சாய வாய்ப்பு உண்டு.

மூன்றாவது, பான்ஹார்டு ராடின் கோணம். நான்காவது, புரொப்பல்லர் ஷாஃப்ட் சேரும் கோணம். இவ்விரண்டையும் பின்பக்கப் பகுதியில் விரிவாகப் பார்ப்போம்.

முதலில் பழுது நீக்குங்கள்

ஐம்பது வயது தாண்டிய வண்டி இது. தேய்ந்த பாகத்தின் மேல் விலையுயர்ந்த ஷாக் அப்சார்பரைப் பூட்டினால் பணம்தான் வீண். புதிய உதிரிபாகம் ஒன்றையும் வாங்குவதற்கு முன் இவற்றைச் சரிபாருங்கள்:

- முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிளே இருந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட்.
- இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது பிளே தெரிந்தால் டை ராடு முனை, ஐட்லர் ஆர்ம், ஸ்டீயரிங் பெட்டி என்ற வரிசையில் தேடுங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை லேசாக ஆட்ட, இன்னொருவர் கீழே ஒவ்வொரு இணைப்பிலும் விரல் வைத்துப் பார்த்தால் குற்றவாளி அகப்படும்.
- கண்ட்ரோல் ஆர்ம் புஷ்களில் ரப்பர் வெடித்திருக்கிறதா, பக்கவாட்டில் பிதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.
- இழுகைகளின் முன்முனைப் புஷ், பான்ஹார்டு ராடின் இரு முனைப் புஷ்.
- சேஸிஸில் குறுக்குச் சட்டங்களைப் பிடிக்கும் ரிவெட்டுகள் தளர்ந்திருந்தால், சுற்றிலும் துருப்பொடி கோடாகக் கசிந்திருக்கும். அவற்றை நீக்கி உயர்தர போல்ட் போடுங்கள். ஸ்டீயரிங் பெட்டி பூட்டிய இடத்தில் விரிசல் உண்டா என்று கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பாருங்கள்.

இந்தப் பட்டியலை முடித்ததுமே வண்டி பாதி திருந்திவிடும்.

முன்பக்கம்

இறக்குவதற்கு இரண்டு வழி: குட்டை ஸ்பிரிங், டிராப் ஸ்பிண்டில். டிராப் ஸ்பிண்டிலில் சக்கரம் பொருந்தும் அச்சு, வழக்கத்தைவிட 2 அல்லது 2.5 அங்குலம் மேலே வைக்கப்பட்டிருக்கும். கண்ட்ரோல் ஆர்ம்கள் தொழிற்சாலைக் கோணத்திலேயே இருக்க, வண்டி மட்டும் இறங்கும். அசைவு பறிபோகாது, ரோல் சென்டரும் ஈர்ப்பு மையமும் ஏறக்குறைய சேர்ந்தே இறங்கும். எனவே 4 அங்குலம் இறக்க வேண்டுமானால் 2.5 அங்குலத்தை ஸ்பிண்டிலிலும் மிச்சத்தை மட்டும் ஸ்பிரிங்கிலும் எடுத்துக்கொள்வது நல்ல பங்கீடு.

பழைய ஸ்பிரிங்கை அறுத்து இறக்குபவர்களும் உண்டு. 8 சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் 1 சுற்றை அறுத்தால் விறைப்பு 8-க்கு 7 என்ற கணக்கில் சுமார் 14 சதவீதம் கூடும். அதை அறிந்து, குளிர்ந்த நிலையில் அறுத்தால் பெரிய கெடுதல் இல்லை. காஸ் வெல்டிங் தீயால் சூடேற்றி ஸ்பிரிங்கை உட்கார வைப்பது மட்டும் கூடவே கூடாது. எஃகின் பதம் போய்விடும். ஸ்பிரிங் ஒரு நாள் முறியும். எந்த முறையானாலும் காயிலைக் கழற்றும்போது கம்பிரஸர் கருவியும் சங்கிலியும் கட்டாயம். அழுந்திய ஸ்பிரிங் விடுபட்டால் எலும்பை முறிக்கும்.

அலைன்மென்ட். அந்தக் காலத் தொழிற்சாலை அளவுகள் பயாஸ் டயருக்கும், பவர் உதவி இல்லாத ஸ்டீயரிங்குக்கும் எழுதப்பட்டவை. இன்றைய ரேடியல் டயருக்கு அவை பொருந்தா. பழைய கையேட்டைக் காட்டி அலைன்மென்ட் செய்யச் சொல்லாதீர்கள். தெருவுக்கும் அவ்வப்போது வளைவுப் பாதைக்கும் போகும் வண்டிக்கு இப்படித் தொடங்கலாம்:

- கேஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டீயரிங் அச்சு சாயும் கோணம்; பின்னோக்கிச் சாய்ந்தால் பாசிட்டிவ்): பாசிட்டிவ் 4 முதல் 5 டிகிரி. இரு பக்கமும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் வேண்டாம்.
- கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாயும் கோணம்; மேல்பகுதி உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ்): தெருவுக்கு நெகட்டிவ் 0.5 டிகிரி, வளைவுப் போட்டிக்கு நெகட்டிவ் 1 முதல் 1.5 வரை.
- டோ (இரு சக்கரங்களின் முன் விளிம்புகளுக்கும் பின் விளிம்புகளுக்கும் இடையிலான தூரங்களின் வித்தியாசம்): மொத்தமாக 1/16 முதல் 1/8 அங்குலம் உள்நோக்கி.

தொழிற்சாலை மேல் ஆர்மில் ஷிம் தகடுகளை மாற்றி மாற்றி இவ்வளவு கேஸ்டரை எட்டுவது சிரமம். கேஸ்டர் கூடுதலாக வைத்தே செய்யப்பட்ட குழாய் மேல் ஆர்ம்கள் சந்தையில் கிடைக்கின்றன. இந்த வண்டியில் பணத்துக்கு ஏற்ற பலன் தரும் மாற்றங்களில் அதுவும் ஒன்று. இன்னொரு சிறு லாபமும் உண்டு: பின்பக்கத்தை முன்பக்கத்தைவிட 2 அங்குலம் அதிகமாக இறக்கும்போது, 115 அங்குல வீல்பேஸ் வண்டியில் சேஸிஸ் சுமார் 1 டிகிரி பின்னோக்கிச் சாய்கிறது. அந்த 1 டிகிரி அப்படியே கேஸ்டரில் சேரும். ஆகவே உயரத்தை முடிவு செய்த பிறகே அலைன்மென்ட் செய்யுங்கள். பிறகு உயரத்தை மாற்றினால் மறுபடி அலைன்மென்ட்.

பம்ப் ஸ்டியர். சக்கரம் மேலும் கீழும் போகும்போது ஸ்டீயரிங்கைத் தொடாமலே அது திரும்புவதற்குப் பெயர் பம்ப் ஸ்டியர். டை ராடு ஒரு வட்டத்திலும் கண்ட்ரோல் ஆர்ம் இன்னொரு வட்டத்திலும் நகர்வதே காரணம். சோதிப்பது எளிது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, கீழ் ஆர்மை ஜாக்கியால் அரை அரை அங்குலமாகத் தூக்குங்கள். ஹப்பில் ஒரு நேரான தகட்டைப் பூட்டி, அதன் முன் விளிம்பும் பின் விளிம்பும் ஒரு நிலையான கம்பத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று ஒவ்வொரு நிலையிலும் குறித்துக்கொள்ளுங்கள். இரு தூரங்களின் வித்தியாசம் மாறிக்கொண்டே போனால் பம்ப் ஸ்டியர் இருக்கிறது. டை ராடின் வெளிமுனையை ஸ்பேசர் வைத்து ஏற்றியோ இறக்கியோ அதைக் குறைக்கலாம். டிராப் ஸ்பிண்டில் வாங்கும்போதே, ஸ்டீயரிங் ஆர்ம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். மலிவான சிலவற்றில் சிக்கலே அங்குதான் ஆரம்பிக்கிறது.

பின்பக்கம்

பான்ஹார்டு ராடு. இதன் ஒரு முனை சேஸிஸில், மறுமுனை ஆக்ஸிலில். ராடு தரைக்கு இணையாகக் கிடந்தால் ஆக்ஸில் மேலும் கீழும் போகும்போது பக்கவாட்டு நகர்வு மிகக் குறைவு. வண்டியை இறக்கியதும் ஆக்ஸில் முனை மேலேறி ராடு சாய்ந்துவிடுகிறது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 30 அங்குல ராடு சமமாகக் கிடக்கும்போது ஆக்ஸில் 2 அங்குலம் ஏறினால், பக்கவாட்டு நகர்வு 0.07 அங்குலம்தான். அதே ராடு ஏற்கெனவே 5 அங்குலம் சாய்ந்து கிடக்கையில் ஆக்ஸில் இன்னும் 2 அங்குலம் ஏறினால் நகர்வு 0.4 அங்குலம். ஏறக்குறைய ஆறு மடங்கு. ஒவ்வொரு மேட்டிலும் பின் ஆக்ஸில் ஒரு பக்கம் தள்ளப்படுகிறது, பள்ளத்தில் மறுபக்கம். இட வளைவும் வல வளைவும் வேறு வேறாக உணரப்படுவது இதனால்தான்.

தீர்வு இரண்டு பகுதி. நீளம் மாற்றக்கூடிய ராடைப் போட்டு ஆக்ஸிலை நடுவுக்குக் கொண்டுவருவது முதல் பகுதி. பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். பொருத்தும் பிராக்கெட்டை மாற்றி, ஓட்டுநர் அமர்ந்த நிலையில் ராடு தரைக்கு இணையாக வரச் செய்வதே முக்கியமான பகுதி. இடம் அனுமதிக்கும் அளவுக்கு ராடு நீளமாக இருக்கட்டும். நீளம் கூடக் கூட நகர்வு குறையும்.

இழுகைகள். வளைவில் வண்டி சாயும்போது, ஆக்ஸிலோடு இறுகப் பூட்டிய இந்த இரண்டு இழுகைகளும் முறுக்கிக்கொண்டாக வேண்டும். அதற்காகத்தான் அவை 'ஐ' வடிவத்தில், முறுக்குக்கு இளகும் திறந்த வெட்டுமுகத்தோடு செய்யப்பட்டன. 'பலப்படுத்துகிறேன்' என்று தகடு வைத்து நாலாபக்கமும் மூடி வெல்டிங் செய்தால், முறுக்கு நின்றுபோய் பின் சஸ்பென்ஷன் இறுகிக்கொள்ளும். ஆக்ஸிலே, உடல் சாய்வைத் தடுக்கும் ஒரு பிரம்மாண்டமான ஸ்வே பாராக மாறிவிடும். முன்முனையில் கெட்டியான பாலியூரித்தேன் புஷ் போட்டாலும் இதே கதைதான். அங்கே நல்ல ரப்பர் புஷ் அல்லது எல்லாத் திசையிலும் திரும்பும் கோள வடிவ இணைப்பு போடுங்கள்.

ஆக்ஸில் மேலேறியதால் இழுகைகள் பின்னோக்கி மேலே சாய்ந்திருக்கும். அப்போது வேகம் எடுக்கையில் பின்பக்கம் குந்தும் பழக்கம் கூடும். இழுகைகளின் முன்முனையை மேலே ஏற்றிப் பொருத்த வழிசெய்யும் மாற்றுக் குறுக்குச் சட்டங்கள் விற்பனைக்கு உண்டு. முன்முனையை ஏற்றினால் இழுகையின் கோணம், பினியன் கோணம் இரண்டும் ஒரே கையில் திருந்தும்.

பினியன் கோணம். ஆக்ஸில் இழுகையோடு இறுகப் பூட்டப்பட்டிருப்பதால், இழுகை சாய்ந்தால் டிஃபரன்ஷியலின் மூக்கும் சேர்ந்து சாயும். இழுகை 48 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், 6 அங்குல இறக்கத்தில் மூக்கு சுமார் 7 டிகிரி கீழ்நோக்கித் திரும்பும். இதன் விளைவு அதிர்வு, முணங்கல், சீக்கிரமே தேயும் யுனிவர்சல் ஜாயிண்ட். கோண அளவியை கியர்பாக்ஸ் வெளிமுனை, ஷாஃப்ட், பினியன் மூன்றிலும் வைத்து அளந்து கொள்ளுங்கள். ஒற்றை ஷாஃப்ட் வண்டியில் இரு ஜாயிண்ட்டுகளின் இயங்கு கோணமும் கிட்டத்தட்ட சமமாகவும், ஒவ்வொன்றும் 1 முதல் 3 டிகிரிக்குள்ளும் இருக்க வேண்டும். ஆக்ஸிலுக்கும் இழுகைக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துத் திருத்தலாம். ஷாஃப்ட் இரண்டு துண்டாக வரும் வண்டியில் நடு பேரிங்கின் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

சி-நாட்ச். பின்பக்கத்தை 5, 6 அங்குலம் இறக்கினால் ஆக்ஸில் குழாய் சேஸிஸை இடிக்கும். ஆக்ஸிலுக்கு நேர் மேலே சேஸிஸில் அரைவட்டமாக வெட்டி, வெட்டிய இடத்தைத் தடித்த தகட்டால் பலப்படுத்துவதே சி-நாட்ச். இதைத் தவிர்த்துவிட்டு, பின்பக்கம் இடிக்காமலிருக்க விறைப்பான ஸ்பிரிங் போடுவது குறுக்குவழி. பிடியைக் கொல்லும் வழியும் அதுதான். வெட்டின் மூலைகள் கூர்மையாக இருக்கக் கூடாது. விரிசல் அங்கிருந்தே ஓடும். முதலில் துளையிட்டு, துளையிலிருந்து துளைக்கு வெட்டுங்கள். வெட்டுவதற்கு முன் சேஸிஸை இரு பக்கமும் ஸ்டாண்டில் தாங்க வையுங்கள்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: 1967–72 வண்டிகளில் பெட்ரோல் டாங்க் கேபினுக்குள், இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. வண்டியில் எங்கே வெல்டிங் செய்வதானாலும் டாங்கை இறக்கி வெளியே எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஸ்பிரிங், ஷாக், பம்ப் ஸ்டாப்

முன் ஸ்பிரிங்கின் எண்ணையும் பின் ஸ்பிரிங்கின் எண்ணையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது. முன் ஸ்பிரிங் கீழ் ஆர்மின் நடுவில் உட்காருகிறது. சக்கரம் 1 அங்குலம் நகரும்போது ஸ்பிரிங் அரை அங்குலம்தான் அழுந்துகிறது என்றால், சக்கரத்தில் கிடைக்கும் விறைப்பு ஸ்பிரிங்கின் விறைப்பில் கால் பங்கு. 600 பவுண்டு ஸ்பிரிங் சக்கரத்தில் 150 பவுண்டாகத்தான் தெரியும். பின் ஸ்பிரிங் ஆக்ஸிலுக்கு அருகிலேயே இருப்பதால் அதன் எண் கிட்டத்தட்ட முழுதாகச் சக்கரத்துக்குப் போய்விடும்.

சுமை இல்லாத பிக்கப்பில் எடையின் பெரும்பங்கு முன்சக்கரங்கள் மேல். பின்பக்கமோ அரை டன் சுமையை நினைத்துச் செய்யப்பட்டது. சுமை ஏற்றும் எண்ணம் இல்லையென்றால் பின் ஸ்பிரிங் மிதமானதாகவே இருக்கட்டும். பின்பக்கம் துள்ளும் வண்டிக்கு இன்னும் விறைப்பான ஸ்பிரிங் மருந்தாகாது.

தாழ்த்திய வண்டியில் பழைய நீள ஷாக்கை விட்டுவைத்தால், ஸ்பிரிங்குக்கு முன்பே ஷாக் அடிமட்டத்தில் முட்டும். சிறிது காலத்திலேயே எண்ணெய் கசியும். வண்டி நிற்கும் உயரத்தில் ஷாக்கின் ராடு ஏறக்குறைய பாதி வெளியே தெரியும்படி நீளத்தையும் பிராக்கெட்டையும் தேர்ந்தெடுங்கள். தொழிற்சாலை ஷாக்குகள் சாய்ந்து நிற்பவை; சாய்வு கூடக் கூட அவற்றின் பலன் குறையும். பிராக்கெட்டை மாற்றும்போது முடிந்தவரை நேராக நிறுத்துங்கள்.

பம்ப் ஸ்டாப்பை அறுத்து எறிபவர்கள் உண்டு. அது தவறு. கெட்டி ரப்பருக்குப் பதில், அழுந்த அழுந்த மெல்ல விறைக்கும் நுரை வகைப் பம்ப் ஸ்டாப் போடுங்கள். எவ்வளவு அசைவு மிச்சம் என்று அறிய ஒரு எளிய வழி: ஷாக் ராடில் ஒரு சிறு பிளாஸ்டிக் டையை இறுக்கிக் கட்டி, வழக்கமான சாலையில் ஓட்டிவிட்டு வந்து, அது எங்கே தள்ளப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கடைசி வரை போயிருந்தால் அசைவு போதவில்லை. முன்னும் பின்னும் மேல்நோக்கிய அசைவு குறைந்தது 2.5 அங்குலமாவது இருக்கட்டும்.

ஸ்வே பார்

இந்த வண்டிகளில் பல தொழிற்சாலையிலிருந்தே ஸ்வே பார் இல்லாமல் வந்தவை. முதலில் முன்பக்கத்துக்கு ஒன்று போடுங்கள். பாரின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும்: 1 அங்குலப் பாருக்குப் பதில் 1.25 அங்குலம் போட்டால் விறைப்பு இரண்டரை மடங்கு. கண்ணுக்குச் சிறிய வித்தியாசம், வண்டிக்குப் பெரியது.

முன் பாரோடு ஓட்டிப் பார்த்து, முன்பக்கம் வளைவுக்கு வெளியே தள்ளுவதாகத் தெரிந்தால் மட்டும் பின் பார் போடுங்கள். அதுவும் மெல்லியதாக, துளை மாற்றி விறைப்பைக் கூட்டிக் குறைக்கக்கூடியதாக. பின் பார் மிஞ்சினால், வளைவிலிருந்து வெளியேறும்போது உள் சக்கரத்தின் மேல் பாரம் குறைந்து அது வீணே சுழலும். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருந்தால் அந்தச் சுழற்சி அடங்கும். இரு பார்களின் லிங்குகளையும், வண்டி தரையில் நிற்க, ஓட்டுநரின் எடை இருக்கையில் இருக்கும்போதே இழுவிசை இல்லாமல் பூட்டுங்கள்.

எடை, பிரேக், ஸ்டீயரிங், டயர்

கேபினுக்குள் இருக்கும் டாங்கை, பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் சேஸிஸ் இரும்புகளுக்கு நடுவே கொண்டுபோனால் மூன்று லாபம்: எடை கீழே இறங்குகிறது, பின்னால் நகர்கிறது, பெட்ரோல் வாசம் கேபினை விட்டுப் போகிறது. பேட்டரியையும் பின்னால் கொண்டுபோகலாம். பின்பக்க எடையைக் கூட்ட மணல் மூட்டையைச் சுமை ஏற்றும் பின்தொட்டியில் போட்டு ஓட்டுவது தீர்வல்ல. அது நகர்ந்து ஆபத்தைத் தரும்.

1971 மாடலிலிருந்து முன் டிஸ்க் பிரேக் கட்டாய அமைப்பாக வந்தது. அதற்கு முந்தைய டிரம் வண்டி உங்களிடம் இருந்தால், வளைவு வேலையைத் தொடங்கும் முன் டிஸ்க்குக்கு மாறுங்கள். பின்தொட்டி காலியாக இருக்கையில் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும் குணம் பிக்கப்புக்கு உண்டு. திருகி அமைக்கும் புரொப்போர்ஷனிங் வால்வு ஒன்று பொருத்தி, முன் சக்கரங்கள் சற்று முந்திப் பூட்டுமாறு அமையுங்கள்.

பழைய ஸ்டீயரிங் பெட்டியில் சக்கரம் திரும்ப நிறையச் சுற்ற வேண்டும். 12.7-க்கு 1 போன்ற விரைவு விகிதப் பவர் பெட்டிகள் கிடைக்கின்றன. கேஸ்டரைக் கூட்டிய பிறகே இதைப் போடுங்கள். இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் வண்டி பதற்றமாக ஓடும்.

டயர்தான் கடைசியில் சாலையைத் தொடுவது. அகலத்தைவிட ரப்பரின் தரமே முக்கியம். பக்கச்சுவர் குட்டையானதாக, கோடைக்கால வகைச் சாலை டயர் எடுங்கள். சுமை தாங்கும் எண் வண்டியின் எடைக்குப் போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரிம் வாங்குமுன் சக்கரத்தை முழுதாகத் திருப்பியும் சஸ்பென்ஷனை முழுதாக அழுத்தியும் அளவு எடுங்கள். போல்ட் அமைப்பும் மாறும்: 1970 வரை 6 போல்ட், 1971 முதல் 5 போல்ட். காலி வண்டிக்குக் காற்றழுத்தம் முன்னே 32, பின்னே 28 பி.எஸ்.ஐ. என்று தொடங்கி, டயரின் தோள் எவ்வளவு தேய்கிறது என்று சாக்குக்கட்டிக் கோடு போட்டுப் பார்த்து மாற்றலாம்.

ஓட்டிப் பார்த்துத் திருத்துதல்

பொதுச்சாலையில் எல்லையைத் தேடாதீர்கள். அனுமதி பெற்ற காலி மைதானம், அல்லது கோன் வைத்து நடத்தும் ஆட்டோகிராஸ் நிகழ்ச்சி இதற்கு ஏற்றது. அமெரிக்காவில் குட்கைஸ் அமைப்பு நடத்தும் ஆட்டோகிராஸில் பழைய பிக்கப்புகளும் கலந்துகொள்கின்றன. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுங்கள்.

- முன்பக்கம் வெளியே தள்ளினால்: முன் பம்ப் ஸ்டாப் இடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு நெகட்டிவ் கேம்பரைக் கூட்டுங்கள், முன் பாரைத் தளர்த்துங்கள்.
- பின்பக்கம் திடீரென நழுவினால்: பின் அசைவு தீர்ந்துவிட்டதா, இழுகைப் புஷ் இறுகியிருக்கிறதா, பின் பார் மிஞ்சியதா.
- இடம், வலம் வேறுபட்டால்: பான்ஹார்டு ராடின் கோணம், ஸ்வே பார் லிங்கின் இழுவிசை, நான்கு சக்கரங்களின் எடைப் பங்கீடு.
- நேர்ச்சாலையில் மேட்டுக்கு மேடு ஸ்டீயரிங் இழுத்தால்: பம்ப் ஸ்டியர், பிறகு கேஸ்டர்.
- வேகம் கூடக் கூட அடியிலிருந்து அதிர்வு வந்தால்: பினியன் கோணம், அதன்பின் ஷாஃப்ட் பேலன்ஸ்.

எதற்கு முதலில் பணம்?

பணமும் நேரமும் எல்லாருக்கும் அளவோடுதான். வரிசை இதுவாக இருக்கட்டும்: தேய்ந்த பாகங்கள், பிரேக், டயர், அசைவை மீட்கும் சி-நாட்ச்சும் சரியான நீள ஷாக்கும், பான்ஹார்டு ராடு, கேஸ்டர் தரும் மேல் ஆர்மும் அலைன்மென்ட்டும், முன் ஸ்வே பார். இதற்குப் பிறகும் குறை தெரிந்தால் மட்டும் விறைப்பான ஸ்பிரிங், பின் பார், விரைவு ஸ்டீயரிங் பக்கம் போங்கள். தொழிற்சாலை சேஸிஸையே கழற்றிவிட்டு முழுப் புதுச் சேஸிஸ் போடச் சொல்லும் விளம்பரங்கள் நிறைய வரும். இந்த வரிசையை ஒழுங்காக முடித்த சி10-க்கு, தெருவுக்கும் ஆட்டோகிராஸுக்கும் அது தேவைப்படாது. வண்டியை எவ்வளவு தாழ்த்தலாம் என்று கேட்பதற்கு முன், தாழ்த்திய பிறகு சக்கரம் ஏறி இறங்க எவ்வளவு இடம் மிஞ்சும் என்று அளந்து பாருங்கள். அந்த அளவு போதவில்லையென்றால் ஒரு அங்குலம் உயர்த்தி வையுங்கள்.